குடம் தூக்காத ஆறு வாரங்கள்

புற்றுநோய்க் கட்டியை அகற்ற வயிற்றில் செய்யும் ஆபரேஷன் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். தேறுவது வீட்டில்தான். அங்கேதான் சிக்கலும்.

பெங்களூர் அல்சூரை ஒட்டியுள்ள ஜோகுபாளையத்தில் வீட்டின் மேல் வீடு ஏறி நிற்கிறது. படிகள் செங்குத்து. சந்தில் எதிரே ஸ்கூட்டர் வந்தால் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். தமிழ் தாராளமாகப் புழங்கும் இந்தப் பேட்டையிலிருந்து ஓசூர் ரோட்டிலுள்ள கித்வாய் புற்றுநோய் மருத்துவமனைக்கு ஆட்டோவில் போய்விடலாம். திரும்பி வருவதுதான் கஷ்டம். குடலிலோ இரைப்பையிலோ சினைப்பையிலோ இருந்த கட்டியை எடுத்துவிட்டு, நெஞ்சுக்குழிக்குக் கீழிருந்து தொப்புளைத் தாண்டித் தையல் போட்ட வயிற்றுடன் வருபவருக்கு ஒவ்வொரு வேகத்தடையும் தனித்தனியாகத் தெரியும். ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டால் குலுக்கல் கொஞ்சம் தணியும். இருமும்போதும் தும்மும்போதும் அதே தலையணைதான் துணை.

வீடு வந்ததும் உறவினர்கள் செய்யும் முதல் காரியம் நோயாளியைப் படுக்க வைப்பது. அசைந்தால் தையல் பிரிந்துவிடும் என்ற பயம். பாசம்தான், ஆனால் ஆபத்தான பாசம். புற்றுநோய்க்கு ரத்தத்தை எளிதில் உறைய வைக்கும் குணம் உண்டு. ஆபரேஷனும் படுக்கையும் சேர்ந்தால் கெண்டைக்கால் ரத்தக்குழாயில் கட்டி உருவாகலாம். அது நகர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே உலை. வயிறு, இடுப்பு ஆகிய பகுதிகளில் புற்றுநோய் ஆபரேஷன் செய்துகொண்டவர்களிடம் நடத்தி 2002-ல் வெளியான ஆய்வில், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் வகை ஊசியைச் சுமார் ஒரு வாரத்தில் நிறுத்தியவர்களில் 12 சதவீதம் பேருக்குக் கட்டி இருந்தது. 4 வாரம் தொடர்ந்தவர்களில் அது 5 சதவீதத்துக்கும் குறைவு. யாருக்கு ஊசி தேவை என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். நடப்பதற்கு மருந்துச் சீட்டு வேண்டாம்.

படுத்தே கிடப்பவர் வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விடுவார். சளி தங்கும், நிமோனியா வரும். இதைத் தடுக்கத்தான் மூன்று பந்துகள் உள்ள ஊதுகுழல் போன்ற அந்தப் பிளாஸ்டிக் கருவியைக் கொடுத்து அனுப்புகிறார்கள். ஊதுவதற்கல்ல, மூச்சை உள்ளே இழுப்பதற்கு. பல வீடுகளில் அது குழந்தைகளின் விளையாட்டுச் சாமானாகிவிடுகிறது.

சர்ஜன்களும் ஒரு காலத்தில் உறவினர்களைப் போலத்தான் நினைத்தார்கள். வாயு பிரியும்வரை பட்டினி, பல நாள் படுக்கை. இந்த வழக்கத்தை 1990-களில் கேள்வி கேட்டவர் டென்மார்க் சர்ஜன் ஹென்ரிக் கெலட். வலியைச் சரியாகக் கட்டுப்படுத்தி, சீக்கிரம் உணவு கொடுத்து, சீக்கிரம் நடக்கவிட்டார். பெருங்குடலின் ஒரு பகுதியை வெட்டியெடுத்த நோயாளிகள் பலர் இரண்டே நாளில் வீடு திரும்பியதாக 1999-ல் அறிவித்தபோது உலகம் வியந்தது. இன்று பல பெரிய மருத்துவமனைகள் அவர் வழியில்தான் போகின்றன. பெங்களூர்க்காரர்களுக்கு ஒரு நற்செய்தியும் உண்டு: 2012-ல் வெளியான ஹைடல்பெர்க் ஆய்வு ஒன்றில், பெருங்குடல் ஆபரேஷனுக்குப் பிறகு காபி குடித்தவர்களுக்குச் சராசரியாக 60 மணி நேரத்தில் மலம் கழிந்தது, வெந்நீர் குடித்தவர்களுக்கு 74 மணி நேரம் பிடித்தது.

அடுத்த சண்டை சாப்பாட்டில். பத்தியம் என்ற பெயரில் முட்டை, தயிர், பருப்பு எல்லாவற்றையும் விலக்கிவிட்டு ரசம் சாதம் மட்டும் போடுவார்கள். 50 கிலோ எடையுள்ள நோயாளிக்கு ஒரு நாளைக்குச் சுமார் 60 முதல் 75 கிராம் புரதம் தேவை. ஒரு முட்டையில் கிடைப்பது 6 கிராம். ரசத்தில் எவ்வளவு கிடைக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இரைப்பையை எடுத்தவர்கள் மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறாகப் பிரித்துச் சாப்பிட வேண்டும். முழுவதும் எடுத்திருந்தால் ஆயுள் முழுக்க வைட்டமின் பி12-ம் தேவை.

இந்த அவசரமெல்லாம் எதற்கு? பலருக்கு ஆபரேஷனோடு சிகிச்சை முடிவதில்லை. உதாரணமாக, பெருங்குடல் புற்றுநோயில் கீமோதெரபி தேவைப்படுவோருக்கு வழக்கமாக 6 முதல் 8 வாரத்துக்குள் தொடங்க வேண்டும். ஒவ்வொரு 4 வாரத் தாமதத்துக்கும் இறப்பு அபாயம் சுமார் 14 சதவீதம் கூடுவதாக, பல ஆய்வுகளைத் தொகுத்து 2011-ல் வெளியான கணக்கு சொல்கிறது. எலும்பும் தோலுமாக, ஆறாத புண்ணுடன் போய் நின்றால் டாக்டர் தேதியைத் தள்ளித்தான் வைப்பார்.

வயிற்றில் கழிவுப்பை பொருத்தப்பட்டவர்களின் பாடு தனி. குளிக்கலாம், பஸ்ஸில் போகலாம், கல்யாணத்துக்குப் போகலாம். சிலருக்குச் சில மாதங்களில் குடலைத் திரும்ப இணைத்துப் பையை எடுத்தும் விடுவார்கள். ஆனால் ஒரே கழிப்பறையைப் பல குடும்பங்கள் பங்கிடும் இடத்தில், வாசலில் வரிசை நிற்கும்போது பையைக் கழுவி மாற்றுவது எப்படி என்று எந்தக் கையேடும் விளக்குவதில்லை.

ஜோகுபாளையத்தின் செங்குத்துப் படிகள் ஒரு தடையல்ல. கைப்பிடியைப் பிடித்து மெதுவாக ஏறி இறங்கலாம். எதிரி வேறு: தண்ணீர்க் குடம். 15 லிட்டர் குடம் என்றால் 15 கிலோ. முதல் ஆறு வாரம் 5 கிலோவுக்கு மேல் தூக்காதே என்பதுதான் டாக்டர்கள் பொதுவாகச் சொல்வது. தோல் இரண்டு வாரத்தில் மூடிக்கொள்ளும். உள்ளே தசையுறை பலம் பெற மாதங்கள் ஆகும். அதற்குள் பாரம் தூக்கினால் தையல் வழியே குடல் பிதுங்கி ஹெர்னியா வரலாம். நோயாளி ஆணாக இருந்தால் பிரச்சினை இல்லை, அவர் முன்பும் தூக்கியதில்லை. வீட்டுப் பெண் என்றால், குழாயடிக்கு யார் போவது என்று டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன்பே பேசி முடிவு செய்துவிட வேண்டும். ஆறு வாரம் கழித்து, டாக்டர் சரி என்ற பிறகும், அரைக் குடத்திலிருந்து தொடங்கலாம்.