தீயில் பிழைக்கும் புல்வெளி

புல்வெளியில் தீப்பிடித்தால் என்ன ஆகும்? "எல்லாம் கருகிப் போகும்" என்பீர்கள். ஆனால், தீ வைக்காவிட்டால் அழிந்துபோகும் புல்வெளி ஒன்று இருக்கிறது. வாருங்கள் குழந்தைகளே, அங்கே போய் வருவோம்!

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் இருக்கிறது கிஸ்ஸிம்மி பிரெய்ரி பூங்கா. பரப்பளவு சுமார் 54,000 ஏக்கர். 1997ம் ஆண்டு முதல் அரசின் பாதுகாப்பில் உள்ளது. பிரெய்ரி என்றால் மரங்களற்ற பரந்த புல்வெளி. இதை 'உலர் பிரெய்ரி' என்கிறார்கள். பெயர்தான் உலர், மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கி நிற்கும். நடந்து பார்க்கக் குளிர்காலமும் வசந்தகாலமுமே ஏற்றவை.

கருகியும் துளிர்க்கும்

கண்ணுக்கெட்டிய தூரம்வரை கம்பிப்புல். நடுநடுவே குட்டையான ரம்பப் பனை. இலைக்காம்பில் ரம்பம் போலப் பற்கள் இருப்பதால் அந்தப் பெயர். இதன் தண்டு தரையோடு தரையாகப் படர்ந்திருக்கும்.

மின்னல் தாக்கி இங்கே தீப்பிடிப்பது ஆதிகாலம் தொட்டே வழக்கம். இலைகள் எரிந்தாலும் வேரும் தண்டும் பிழைத்து, மீண்டும் துளிர்க்கும். கம்பிப்புல் நன்றாகப் பூப்பதே தீக்குப் பிறகுதான்! தீயே வராவிட்டால் புதர்கள் உயர்ந்து, நிழல் விழுந்து, புல் மடியும். இப்போது சாலைகளும் வயல்களும் தீ பரவாமல் தடுக்கின்றன. எனவே பூங்கா ஊழியர்களே காற்றின் திசை பார்த்து, பகுதி பகுதியாகத் தீ வைக்கிறார்கள்.

வெட்டுக்கிளிச் சிட்டு

பகலிலேயே வளை வாசலில் நின்று விழிக்கும் ஆந்தை, சிவந்த நெற்றியுள்ள பெரிய கொக்கு, தரையில் நடந்து இரை தேடும் காரகாரா பருந்து ஆகியவற்றை இங்கே காணலாம்.

ஆனால், இங்குள்ள அரிய பறவை ஐந்து அங்குலச் சிட்டுதான்! வெட்டுக்கிளி போல 'ஸ்ஸ்ஸ்' என்று பாடுவதால் அதற்கு வெட்டுக்கிளிச் சிட்டு என்று பெயர். இதன் புளோரிடா வகை, அம்மாநிலத்தைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. அண்மையில் எரிந்து, புல் குட்டையாக உள்ள இடத்தில்தான் தரையில் கூடு கட்டும்.

உலர் பிரெய்ரிகளில் பெரும்பகுதி மேய்ச்சல் நிலமாகவும் பழத்தோட்டமாகவும் மாறியதால் சிட்டுகள் குறைந்தன. 1986ல் அழியும் ஆபத்திலுள்ள பறவையாக அறிவிக்கப்பட்டது. வெள்ளம் வந்தால் முட்டைகள் மூழ்குமே! அதனால் பறவை ஆய்வாளர்கள் கூட்டுக்கு அடியில் மண் இட்டு உயர்த்துகிறார்கள். கூண்டில் வளர்த்த சிட்டுகளையும் 2019 முதல் புளோரிடாவின் புல்வெளிகளில் விடுகிறார்கள். அவை இணைசேர்ந்து குஞ்சு பொரிக்கவும் தொடங்கிவிட்டன.

சிட்டு பிழைக்கப் புல் வேண்டும். புல் பிழைக்கத் தீ வேண்டும். இனி, "வெறும் புல்தரைதானே" என்று யாராவது சொன்னால், இந்தச் சிட்டின் கதையைச் சொல்வீர்கள்தானே?