இருநூறு மைல் பங்காளிகள்

நவம்பர் மாத ஞாயிறு. விடிந்தும் விடியாததுமாக லாம்போ ஃபீல்ட் மைதானத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் வீட்டுக்காரர்கள் தங்கள் வாசல் புல்தரையில் கையால் எழுதிய அட்டைப் பலகைகளை நடுகிறார்கள். கார் நிறுத்த இத்தனை டாலர் என்று அதில் எழுதியிருக்கும். சற்று நேரத்தில் பச்சையும் மஞ்சளும் உடுத்திய மனிதர்கள் அடுப்பு, கரி, மடக்கு நாற்காலி, ஐஸ் பெட்டி சகிதம் வந்து இறங்குவார்கள். ஆட்டம் நண்பகலில்தான். ஆனால் கிரீன் பே நகரத்துக்கு அது காலையிலேயே தொடங்கிவிடுகிறது. அதுவும் வருவது சிகாகோ பேர்ஸ் என்றால், ஊரில் பலருக்கு முந்தைய இரவே தூக்கம் சரியாக வராது.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள கிரீன் பே, சுமார் 1 லட்சத்து 7 ஆயிரம் பேர் வாழும் சிறு நகரம். அங்கிருந்து தெற்கே ஏறக்குறைய 200 மைல் போனால் நாட்டின் மாபெரும் நகரங்களில் ஒன்றான சிகாகோ. இந்த இரண்டு ஊர்களின் அமெரிக்கக் கால்பந்து அணிகளும் 1921 நவம்பர் 27 அன்று முதன்முதலாக மோதின. அப்போது சிகாகோ அணிக்கு ஸ்டேலீஸ் என்று பெயர். 20-0 என்று அதுவே வென்றது. அடுத்த ஆண்டு பேர்ஸ் என்று பெயர் மாறியது. பகை மட்டும் மாறவில்லை. லீக் வரலாற்றில் அதிக வெற்றி பெற்ற அணி என்ற பெருமை நெடுங்காலம் பேர்ஸிடம் இருந்தது. 2022 டிசம்பர் 4 அன்று, சிகாகோவிலேயே 28-19 என்று வென்று, தனது 787ஆவது வெற்றியோடு கிரீன் பே பேக்கர்ஸ் அந்தப் பெருமையைப் பறித்துக்கொண்டது.

ஆட்டத்தின் விதி பார்ப்பதற்குத்தான் சிக்கல். அணிக்குப் பதினொரு பேர், 100 கெஜ நீள மைதானம். பந்து கையில் உள்ள அணிக்கு நான்கு முயற்சிகள். அதற்குள் 10 கெஜம் முன்னேறிவிட்டால் மறுபடியும் நான்கு. எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் டச் டவுன், 6 புள்ளிகள். ஓர் அணி வழக்கமான பருவத்தில் 17 ஆட்டங்கள் ஆடுகிறது. அதில் சொந்த ஊரில் எட்டோ ஒன்பதோதான். பரம வைரி வாசலுக்கு வருவது ஆண்டுக்கு ஒரே ஒரு நாள். திருவிழாவுக்கு நிகரான ஏற்பாடு நடப்பது அதனால்தான்.

அந்த ஏற்பாட்டின் மையம் வாகன நிறுத்துமிடம். காரின் பின்கதவைத் திறந்து வைத்து, அதையே மேசையாக்கிச் சமைத்துச் சாப்பிடும் வழக்கத்துக்கு டெயில்கேட்டிங் என்று பெயர். ஜெர்மானியக் குடியேறிகள் கொண்டுவந்த பிராட்வர்ஸ்ட் என்ற சாசேஜை வெங்காயத்தோடு பியரில் வேகவைத்து, கரி அடுப்பில் வாட்டி, ரொட்டிக்குள் வைத்துத் தருவார்கள். பால் பண்ணைகளின் மாநிலம் என்பதால் பொரித்த சீஸ் துண்டுகள் இல்லாமல் இலை நிறையாது. சிலர் பூயா கிண்டுவார்கள். கோழியும் மாட்டிறைச்சியும் காய்கறிகளும் போட்டு, பெரிய அண்டாவில் மணிக்கணக்கில் கொதிக்கவிடும் கெட்டியான குழம்பு அது. கிரீன் பே வட்டாரத்தின் தேவாலய விருந்துகளில் ஊரே கூடிச் சாப்பிடுவது. அடுப்பைச் சுற்றி நிற்பவர்களில் பக்கத்துக் காரின் பேர்ஸ் ரசிகரும் இருப்பார். அவரைக் கிண்டல் செய்துகொண்டே அவர் தட்டிலும் ஒரு சாசேஜ் வைப்பார்கள்.

தலையில் கவிழ்த்திருக்கும் முக்கோண மஞ்சள் சீஸ் தொப்பிக்கும் ஒரு கதை உண்டு. விஸ்கான்சின்காரர்களைச் சீஸ் மண்டையர்கள் என்று தெற்கே, சிகாகோ இருக்கும் இல்லினாய் மாநிலத்தார் ஏளனம் செய்துவந்தார்கள். 1987இல் ரால்ஃப் புருனோ என்ற இளைஞர், வீட்டு சோபாவிலிருந்து எடுத்த நுரைப்பஞ்சைச் சீஸ் வடிவில் வெட்டி, தலையில் அணிந்துகொண்டு ஒரு பேஸ்பால் ஆட்டத்துக்குப் போனார். வசவு கிரீடமாயிற்று. அந்தத் தொப்பியைச் செய்யும் நிறுவனத்தையே 2023இல் பேக்கர்ஸ் வாங்கிக்கொண்டது.

உணவுக்கு அடுத்த தயாரிப்பு குளிருக்கு. டிசம்பரில் லாம்போவின் பெஞ்சுகள் பனிக்கட்டி போல இருக்கும். அனுபவசாலிகள் கம்பளி உள்ளாடைக்கு மேல் சட்டை, அதற்கு மேல் மான் வேட்டைக்கு அணியும் தடித்த ஆரஞ்சு நிற உடுப்பு என்று அடுக்கிக்கொள்வார்கள். கையில் ஒரு துண்டு அட்டையும் இருக்கும். காலடியில் போட்டு நின்றால், கான்கிரீட்டின் குளிர் பாதத்தில் ஏறாது. 1967 டிசம்பர் 31 அன்று மைனஸ் 25 டிகிரி செல்சியஸ் குளிரில் டல்லாஸ் கௌபாய்ஸை பேக்கர்ஸ் 21-17 என்று வென்றது. நடுவர்களின் விசில் உறைந்துபோய், மீதி ஆட்டத்தைக் குரலாலேயே நடத்தினார்கள். அன்றும் 50 ஆயிரம் பேருக்கு மேல் உட்கார்ந்து பார்த்தார்கள். இப்போதும் பனி கொட்டிவிட்டால் அணி நிர்வாகம் ஊருக்கு அறிவிப்பு விடுகிறது. நூற்றுக்கணக்கானவர்கள் வரிசையில் நின்று, மணிக்கூலிக்கு இருக்கைகளின் பனியை அள்ளிப் போடுகிறார்கள்.

சொந்த வீட்டு முற்றத்தைத் துப்புரவு செய்கிற உணர்வு அது. உண்மையிலேயே அணி அவர்களுடையது. 1919இல் கர்லி லாம்போவும் பத்திரிகையாளர் ஜார்ஜ் கால்ஹூனும் தொடங்கிய இந்த அணி, 1923இல் பணமுடை வந்தபோது ஊராருக்குப் பங்கு விற்றுப் பிழைத்தது. இன்று 5 லட்சத்து 30 ஆயிரத்துக்கும் அதிகமான பங்குதாரர்கள் இருக்கிறார்கள். லாப ஈவு கிடையாது. சந்தையில் விற்கவும் முடியாது. ஆனாலும் 2021இல் ஒரு பங்கு 300 டாலர் என்று அறிவித்தபோது மக்கள் வாங்கினார்கள். சட்டம் போட்ட பங்குப் பத்திரம் பல வீடுகளின் வரவேற்பறையில் தொங்குகிறது. சீசன் டிக்கெட்டுகள் 1960 முதல் தொடர்ந்து விற்றுத் தீர்கின்றன. 81,441 இருக்கைகள் இருந்தும் காத்திருப்போர் பட்டியலில் லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள். குழந்தை பிறந்ததும் பெயரைப் பதிந்துவைக்கும் பெற்றோர் உண்டு.

தெற்கே சிகாகோவின் தயாரிப்பு வேறு மணம் கொண்டது. போரில் மாண்ட வீரர்களின் நினைவாக எழுப்பப்பட்டு 1924இல் திறக்கப்பட்ட சோல்ஜர் ஃபீல்டில், மிச்சிகன் ஏரிக்காற்று முகத்தில் அறையும். கருநீலமும் ஆரஞ்சும் அணிந்த கூட்டம், மெல்லிய மாட்டிறைச்சித் துண்டுகளை அடைத்த ரொட்டியில் காரமான காய்கறி ஊறுகாய் வைத்துச் சாப்பிடும். பேர்ஸின் பழைய நட்சத்திரம் வால்டர் பேட்டனின் 34ஆம் எண் சட்டை, தந்தை அணிந்து மகனுக்கு வந்ததாக இருக்கும். பெரியவர்கள் கோப்பை வென்ற 1985ஆம் ஆண்டு அணியைப் பற்றிப் பேசிச் சலிப்பதில்லை. அந்த அக்டோபர் 21 இரவு, 130 கிலோவுக்கும் அதிக எடை கொண்ட தடுப்பாட்டக்காரர் வில்லியம் பெர்ரி பந்தை ஏந்தி ஓடி, பேக்கர்ஸுக்கு எதிராக டச் டவுன் போட்டதை நேற்று நடந்தது போல விவரிப்பார்கள். வடக்கத்தியர் 2011 ஜனவரி 23 என்று பதில் சொல்வார்கள். அன்று இதே மைதானத்தில் பேர்ஸை 21-14 என்று வீழ்த்தித்தான் பேக்கர்ஸ் லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலுக்குப் போனது, கோப்பையையும் வென்றது.

ரசிகர்கள் தொண்டையையும் தயார் செய்கிறார்கள். சொந்த அணி பந்தோடு நிற்கும்போது லாம்போ மைதானம் அடங்கிவிடும். எதிரணி பந்தை எடுத்ததும் எண்பதாயிரம் பேரும் கத்துவார்கள். தாக்குதலை வழிநடத்தும் குவார்ட்டர்பேக் சொல்லும் வியூகக் குறிப்பு அவருடைய ஆட்களின் காதில் விழக்கூடாது என்பதே நோக்கம்.

இத்தனை பகைக்கும் அடியில் ஓர் உறவு ஓடுகிறது. 1956இல் கிரீன் பேயின் பழைய மைதானம் போதாமல் போனது. புதிதாகக் கட்டாவிட்டால் அணியே ஊரை விட்டுப் போகும் நிலை. மைதானம் கட்டக் கடன் வாங்கலாமா என்று வாக்கெடுப்பு நடந்தபோது, ஆதரவு திரட்ட கிரீன் பேக்கு வந்து மேடையேறியவர் பேர்ஸின் உரிமையாளர் ஜார்ஜ் ஹாலஸ். வாக்காளர்கள் பெரும்பான்மையாக ஒப்புதல் தந்தார்கள். 1957 செப்டம்பர் 29 அன்று அந்த மைதானத்தின் முதல் ஆட்டத்துக்கு வந்த விருந்தாளியும் பேர்ஸ்தான். 21-17 என்று தோற்றுத் திரும்பியது. 1965இல் கர்லி லாம்போ மறைந்த பிறகு அதற்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. பங்காளிச் சண்டை என்று நாம் சொல்வோமே, அந்தச் சொல் இவர்களுக்கு அப்படியே பொருந்தும்: ஒரே சொத்தில் பங்குள்ளவர்கள், வாய்க்கு வாய் சண்டை போடுகிறவர்கள், வீடு இடிந்தால் முதலில் ஓடிவருகிறவர்கள்.

ஆட்டம் முடிந்து கூட்டம் கலையும்போது இருட்டத் தொடங்கிவிடுகிறது. வாசலில் நட்ட பலகையைப் பிடுங்கி அடுத்த ஆட்டத்துக்காக எடுத்துவைத்துவிட்டு, வீட்டுக்காரர் தெருவில் இறங்கி நிற்கிறார். புல்தரையிலிருந்து பின்னோக்கி வரும் கடைசி காரில் இல்லினாய் மாநில எண் பலகை. தலையில் சீஸ் தொப்பியோடு அவர் எதிரே வரும் வண்டிகளைக் கைகாட்டி நிறுத்தி, அந்தக் காருக்கு வழிவிடுகிறார்.