வெண்கட்டியால் வரைந்த பனிக்கட்டியாறு

இருபது ஆண்டுகளுக்கு மேலாக நாம் கரும்பலகையில் வெண்கட்டியினால் வரைந்து வந்த பொருளொன்று உண்டு. அது பனிக்கட்டியாறு. பேராதனையிலே பட்டப்படிப்புப் பயின்ற காலத்தில் மலைகளைக் கண்டோமாயினும், நாக்கைப்போலப் பள்ளத்தாக்கினுள் நீண்டு கிடக்கும் பனித்திரளைப் பாடநூற் படத்திலன்றி வேறெங்கும் கண்டதில்லை. "சேர், நீங்கள் அதை நேரிலை கண்டனீங்களோ?" என்று மாணவன் ஒருவன் ஒருமுறை எழுந்து வினவினான். "இல்லை" என்று கூறி அடுத்த பந்திக்குச் சென்றோம். ஆனால் அவ்வினா எம்மை விட்டுச் செல்லவில்லை.

1980களில் எம்மவர் பலர் சுவிற்சலாந்து சென்று குடியேறியமை யாவரும் அறிந்ததே. எமது மைத்துனர் அவர்களுள் ஒருவர். பேர்ண் நகரிலே வாழ்பவர். சென்ற ஆகஸ்டு விடுமுறையில் அவர் எம்மை அழைத்து, "அத்தான், மலையைக் காரிலை பாத்தால் காணாது, நடக்கவேணும்" என்றார். முதுகிலே ஒரு பையைச் சுமந்து, ஒரு விடுதியில் உறங்கி, காலையில் எழுந்து நடந்து, மாலையில் அடுத்த ஊர் விடுதியை அடைவது அந்நாட்டிலே நெடுநாள் வழக்கம். அவ்வாறு நாம் இருவரும் நடந்த நாட்களில் ஒரு நாளைப் பற்றியே ஈண்டு கூறப் புகுகின்றோம்.

முதல்நாள் மைறிங்கன் என்னும் ஊரிலிருந்து, றைக்கன்பாக் நீர்வீழ்ச்சியின் ஓரமாக ஏறி, 1,328 மீற்றர் உயரத்திலுள்ள றோசன்லாவியை அடைந்து, அங்குள்ள பழைய விடுதியிலே தங்கினோம். காலையில் யன்னலைத் திறந்தபோது பைன்மரக் காட்டிற்கு மேலே செங்குத்தான பாறைச் சிகரங்கள் எழுந்து நின்றன. 1856ஆம் ஆண்டில் ஜோன் பிறெற் என்னும் ஆங்கில ஓவியர் இவ்விடத்துப் பனிக்கட்டியாற்றை வரைந்தார். இன்று இலண்டன் ரேற் கலைக்கூடத்திலுள்ள அவ்வோவியத்திலே, பெரும் பாறைகளுக்குப் பின்னால் பனி அருகிலேயே நிற்கும். நாம் எட்டிப் பார்த்தபோது அருகில் எங்கும் பனியில்லை. மேகம் மறைத்திருக்கும் என எண்ணி, பாணும் பாற்கட்டியும் உண்டு புறப்பட்டோம்.

அந்நாட்டு நடைபாதைகளின் சந்திகளிலெல்லாம் மஞ்சள் நிறக் கைகாட்டிப் பலகைகள் உள. அவற்றிலே தூரம் எழுதப்படுவதில்லை. செல்வதற்கு எடுக்கும் நேரமே எழுதப்படுகின்றது. ஏற்றத்தையும் இறக்கத்தையும் கணக்கிட்டு எழுதப்படும் அந்நேரத்தில் ஓய்வு சேர்க்கப்படுவதில்லை. 1979ஆம் ஆண்டிலே மக்கள் வாக்களித்து நடைபாதைகளை அரசியலமைப்பிலேயே இடம்பெறச் செய்தனர். இன்று அப்பாதைகளின் மொத்த நீளம் ஏறத்தாழ 65,000 கிலோமீற்றர். பூமியின் சுற்றளவிலும் ஒன்றரை மடங்குக்கு மேல்! எனினும் இரண்டரை மணி என்று பலகை கூறிய ஏற்றம் எமக்கு நான்கு மணியாயிற்று. மூச்சு வாங்கிய இடத்திலெல்லாம் நின்றோம். மேய்ச்சல் வெளிகளிலே பசுக்களின் கழுத்துமணிகள் ஓயாது ஒலித்தன. எம்மிலும் மூத்த மூதாட்டி ஒருவர் இரு கைத்தடிகளை ஊன்றியபடி, வணக்கம் கூறி எம்மைக் கடந்து சென்றார்!

நண்பகல் கழிந்து சிறிது நேரத்தில் குறோஸ ஷைடெக் என்னும் கணவாயை அடைந்தோம். உயரம் 1,962 மீற்றர். இடப்புறத்தில் வெற்றர்ஹோண் சிகரத்தின் பெருஞ்சுவர் தலைக்கு மேலே நின்றது. அப்பெயருக்கு 'வானிலைக் கொம்பு' என்பது பொருள். பெயருக்கேற்ப அதன் முடியிலே கருமேகம் கவியத் தொடங்கியது. தொலைவிலே 3,967 மீற்றர் உயரமான ஐகர் சிகரம் தெரிந்தது. எமது வலது முழங்காலோ வீங்கியிருந்தது. கணவாயிலே கிறின்டெல்வால்டுக்குச் செல்லும் பஸ் வண்டி புறப்படுவதற்கு ஆயத்தமாக நின்றது.

"அத்தான், பஸ்ஸிலை போவம். இறக்கந்தான் முழங்காலுக்குப் பொல்லாதது. கீழை பாக்கிறதுக்கும் இப்ப பெரிசா ஒண்டுமில்லை" என்றார் மைத்துனர்.

அவர் கடைசியாகக் கூறியதன் பொருளை நாம் அப்போது உணரவில்லை. கிறின்டெல்வால்ட் 'பனிக்கட்டியாற்று ஊர்' எனப் பெயர்பெற்றது என்பதும், அதன் மேற்பனிக்கட்டியாறு இப்பாதையின் அடிவாரத்துக்கே இறங்கி வந்தது என்பதும் நாம் நூலிற் படித்தவை. இவ்வளவு தூரம் வந்து அதனை பஸ் யன்னலூடாகப் பார்ப்பதா? வண்டி எம்மை விட்டுச் சென்றது. தடியை ஊன்றி இறங்கலானோம். ஒவ்வோர் அடியும் முழங்காலிலே குத்தியது. இடையிலே மழையும் தூறியது.

மாலை நான்கு மணியளவில் வெற்றர்ஹோணின் அடிவாரத்தை அடைந்து, பாடநூல் காட்டிய திசையை நோக்கினோம். அங்கே வெறும் பாறை! யாரோ அரம் கொண்டு தேய்த்தாற்போல மழுங்கிய சாம்பல் நிறப் பாறைச் சரிவும், அதன் நடுவே கலங்கிய நீரோடையும் மட்டுமே இருந்தன. மழை விட்டு மேகம் சற்று விலகியபோது, மிக உயரத்திலே மங்கிய வெண்மையாகச் சிறிது பனி தோன்றிற்று. நாம் இருபது ஆண்டுகளாக வரைந்த நாக்கு அங்கில்லை.

அருகிலிருந்த தேநீர்ச்சாலையிலே பணிபுரிந்த முதியவள், எமது முகவாட்டத்தைக் கண்டு வெளியே வந்தாள். தான் பாடசாலைக்குச் சென்ற காலத்திலே பனி எதுவரை நின்றது என்பதைக் கையை நீட்டிக் காட்டினாள். அவள் சுட்டிய இடத்திலே இன்று பற்றைகள் வளர்ந்திருந்தன. மைத்துனர் மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை.

பனிக்கட்டியாறு என்பது வரவும் செலவும் உடைய ஒரு குடும்பம் போன்றது. மேலே பெய்யும் பனி இறுகிக் கட்டியாகித் தன் பாரத்தால் மெல்லக் கீழே நகரும். கீழே வெப்பத்தால் உருகும். வரவும் செலவும் ஒத்த இடத்திலே நாக்கு நிற்கும். அது பின்வாங்குகின்றது என்கிறோம்; உண்மையில் பனி ஒருபோதும் மேல்நோக்கி நடப்பதில்லை. கீழே வந்துகொண்டிருக்கும்போதே, வருவதிலும் விரைவாக உருகி விடுகின்றது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே பள்ளத்தாக்கின் அடியைத் தொட்ட இப்பனி, 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே சில காலம் மீண்டும் முன்னேறியதும் உண்டு. ஆனால் வெப்பமேறும் இந்நூற்றாண்டிலோ செலவே மிகுந்துவிட்டது. 2022, 2023 ஆகிய இரு ஆண்டுகளில் மட்டும் சுவிற்சலாந்தின் பனிக்கட்டியாறுகள் தமது கனவளவில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கை இழந்தன. பனிக்கட்டியாறுகளைப் பேணுதற்குரிய ஆண்டென 2025ஐ ஐக்கிய நாடுகள் சபை அறிவித்ததும் இக்கவலையினாலேயே.

அன்றிரவு கிறின்டெல்வால்ட் விடுதியிலே, உருளைக்கிழங்கைத் துருவிப் பொரித்த றொஸ்டி என்னும் மரக்கறியுணவை உண்டு, முழங்காலிலே தைலம் பூசிக்கொண்டு கிடந்தோம். ஏமாற்றமே மிஞ்சியது என்று கூறுவதற்கில்லை. பஸ்ஸிலே வந்திருப்பின் பாறையொன்றைக் கண்டோம் என்ற அளவிலேயே கடந்து போயிருப்போம். முதியவளின் கை நீண்ட இடத்தைக் கண்டிருக்க மாட்டோம்.

சென்ற வாரம் வகுப்பிலே அதே பாடம் வந்தது. வழமைபோலப் படத்தை வரைந்தோம். பின்னர் அதற்கு வெகு உயரத்திலே இன்னொரு கோடும் வரைந்தோம். "சேர் கண்டனீங்களோ?" என்று இம்முறை எவரும் வினவவில்லை, நாமே கூறினோம். "கண்டோம், ஆனால் உங்கள் நூலிலுள்ள இடத்தில் அல்ல." முதற் கோட்டின் கீழே 1850 எனவும், இரண்டாவதன் கீழே இவ்வாண்டையும் எழுதினோம். பனிக்கட்டியாற்றை வரைபவர் படத்தின் கீழே ஆண்டையும் குறித்தல் வேண்டும் என்பது இனி எமது வகுப்பின் விதி.