வட்டம் எங்கும் வெல்லுமா?

ஆப்பிரிக்காவின் வடகரையில், இன்றைய துனிசியா நாட்டில், கார்த்தேஜ் என்னும் பழம்பெரும் நகரம் இருந்தது. அதனை நிறுவிய அரசி டைடோவைப் பற்றித் தொன்மக் கதை ஒன்று உண்டு. ஓர் எருதின் தோல் வளைக்கும் அளவு நிலம் அவளுக்குத் தரப்படும் என்றனராம். அவளோ தோலை மெல்லிய வார்களாக அறுத்து, ஒன்றோடொன்று முடிந்து, அந்த நீண்ட வாரால் ஒரு குன்றையே வளைத்துக்கொண்டாளாம். கதை எவ்வாறாயினும், அதனுள் ஒரு கணித வினா உறைந்திருக்கிறது. சுற்றளவு மாறாதிருக்க, மிகுதியான பரப்பை அடைக்கும் வடிவம் எது?

40 மீட்டர் கயிற்றைச் சமபக்க முக்கோணமாக வளைத்தால் ஏறக்குறைய 77 சதுர மீட்டர் கிடைக்கும், சதுரமாக்கினால் 100, வட்டமாக்கினால் 127. வட்டமே வெல்லும் என்பதைப் பண்டைக் கிரேக்கரும் அறிந்திருந்தனர். ஐயத்திற்கு இடமின்றி நிறுவுவதுதான் அரிதாக இருந்தது.

சுவிட்சர்லாந்தில் பிறந்த யாக்கோப் ஸ்டைனர் 1838ஆம் ஆண்டில் எழில்மிக்க வழியொன்றைக் காட்டினார். விண்மீன் வடிவம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அதன் நடுவே நின்றால் எல்லை முழுவதும் மறைவின்றித் தெரியும்; ஆயினும் முனைகளுக்கிடையே எல்லை உள்வாங்கியிருக்கும். அக்குழிவுகளை நேர்கோட்டால் மூடினால் சுற்றளவு குறையும், பரப்போ கூடும். எனவே போட்டி குழிவற்ற வடிவங்களுக்கிடையே மட்டும்தான். அவற்றுள்ளும் வட்டமல்லாத எதனையும், சுற்றளவை மாற்றாமல், மேலும் பெரிதாக்க இயலும் என்று ஸ்டைனர் காட்டினார். ஆகவே வட்டமே சிறந்தது என முடித்தார்.

இதில் ஓர் இடைவெளி உண்டு. 1 அல்லாத எந்த இயல் எண்ணையும் வர்க்கப்படுத்தினால் பெரிய எண் கிடைக்கும். ஆகவே 1தான் மிகப் பெரிய எண் என்று ஒருவர் வாதிட்டால் நகைப்போம் அல்லவா? மிகப் பெரியது ஒன்று உண்டு என்பதை முதலில் நிறுவ வேண்டும். அந்தக் குறையைப் பின்னர் ஜெர்மானியக் கணித அறிஞர் கார்ல் வையர்ஷ்ட்ராஸ் நீக்கினார்.

இதுவரை நீளத்தை அளவுகோலின் வழியிலேயே அளந்தோம். நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதியில் தெருக்கள் பெரும்பாலும் கட்டம் கட்டமாக அமைந்துள்ளன. அங்கே வாடகை வண்டி கட்டடங்களை ஊடுருவிக் குறுக்கே செல்ல முடியாது. கிழக்கே 3, வடக்கே 4 கட்டங்கள் தள்ளியுள்ள இடத்தின் தொலைவு அதற்கு 5 அன்று, 7. இவ்வாறு இரு திசை நகர்வுகளைக் கூட்டி அளப்பதும் முறையான அளவே. ஹெர்மன் மின்கோவ்ஸ்கி இத்தகைய மாற்று அளவுமுறைகளை ஆராய்ந்தவர்.

இம்முறையில் வட்டம் வெல்லுமா? குழிவற்ற வடிவம் ஒன்றின் எல்லையை ஒருமுறை சுற்றி வாருங்கள். மேற்கு முனையிலிருந்து கிழக்கு முனைக்குச் சென்று திரும்ப வேண்டும். அவ்வாறே தெற்கு முனையிலிருந்து வடக்கு முனைக்கும். ஆகவே அதன் சுற்றளவு, அதனைத் தொட்டுச் சூழ்ந்து, தெருக்களின் திசையிலேயே அமையும் செவ்வகத்தின் சுற்றளவுக்குச் சமம். பரப்போ அச்செவ்வகத்தினுள் அடங்கியது. எனவே செவ்வகமே மேல். செவ்வகங்களுள் சதுரம் மேல். 40 மீட்டர் சுற்றளவில் சதுரம் 100 சதுர மீட்டரை அடைக்க, நாம் வழக்கமாக வரையும் வட்டம் 78.5 மட்டுமே அடைக்கிறது. வட்டம் தோற்றுவிடுகிறது.

இன்னும் வியப்பானது ஒன்று. வட்டம் என்பது நடுப்புள்ளியிலிருந்து சம தொலைவிலுள்ள புள்ளிகளின் தொகுப்பு. வண்டித் தொலைவில் அவ்வாறு வரைந்தால் முனையில் நிற்கும் சாய்சதுரம் கிடைக்கும். அம்முறைக்கு அதுவே வட்டம். ஆயினும் 40 மீட்டர் சுற்றளவில் அதன் பரப்பு 50தான்; வென்ற சதுரத்தில் சரிபாதி! தளத்தில் ஒவ்வோர் அளவுமுறைக்கும் வெல்லும் வடிவம் எது என்பதை ஹெர்பர்ட் புசமான் 1947இல் கண்டறிந்தார். அவ்வடிவம் அந்த அளவுமுறையின் வட்டமாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. நாம் பழகிய அளவுகோல் தொலைவில் அவை இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. அதனால்தான் வேறுபாடு நம் கண்ணில் படுவதில்லை.