கன்று வீசும் மாட்டுக்கு ரத்தப் பரிசோதனை

சினை மாடு ஐந்து மாதத்துக்கு மேல் கன்றை வீசிவிட்டால், அடிபட்டது என்றும் கண்ணேறு என்றும் சொல்லிப் பலர் விட்டுவிடுகிறார்கள். காரணம் புருசெல்லோசிஸ் என்னும் தொற்று நோயாகவும் இருக்கலாம். இது தொழுவம் முழுவதும் பரவும்; மனிதரையும் தொற்றும். மாட்டுக்கு இதைத் தீர்க்க நம்பகமான மருந்து இல்லை. எனவே ரத்தப் பரிசோதனை அவசியம். அதன் முடிவைச் சரியாகப் புரிந்துகொள்வதும் அவசியம்.

பரிசோதனை எப்படி?

மாட்டின் ரத்தத்தைத் தெளியவைத்து ஊநீரை எடுப்பார்கள். அதில் ஒரு சொட்டும், ரோஸ் பெங்கால் என்னும் சாயமேற்றிய செத்த கிருமிக் கரைசலில் ஒரு சொட்டும் தட்டில் கலந்து அசைப்பார்கள். 4 நிமிடத்துக்குள் பால் திரிந்தாற்போல் திரிந்தால் ‘உண்டு’ என்று பொருள். இச்சோதனை கிருமியைக் காட்டுவதில்லை. கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கிய எதிர்ப்புப் பொருளையே காட்டுகிறது.

‘உண்டு’ என்றால்

தடுப்பூசி போட்ட மாட்டிலும் இந்த எதிர்ப்புப் பொருள் இருக்கலாம். வேறு சில கிருமிகளாலும் ஊநீர் திரியக்கூடும். ஆகவே எந்த வயதில் ஊசி போட்டது என்பதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். எலிசா போன்ற வேறொரு சோதனையால் உறுதி செய்துகொள்வது நல்லது. உறுதியானால் அந்த மாட்டைச் சந்தைக்கு ஓட்டக் கூடாது. நோய் அடுத்தவர் தொழுவத்துக்குப் போய்விடும்.

‘இல்லை’ என்றால்

கிருமி புகுந்து சில நாட்களே ஆகியிருந்தால் எதிர்ப்புப் பொருள் உண்டாகியிராது. கன்று வீசிய சமயத்திலும் சோதனை ஏமாற்றக்கூடும். இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நோயுள்ள தாய்க்குப் பிறந்த சில கிடாரிகள் முதல் ஈற்று வரை ‘இல்லை’ என்றே காட்டும். ஆகையால் புதிதாக வாங்கிய மாட்டை, கையில் சீட்டு இருந்தாலும், 30 நாள் தனியே கட்டி, மறுபடி சோதித்த பிறகே மற்ற மாடுகளுடன் சேர்க்க வேண்டும்.

வீட்டாருக்கு எச்சரிக்கை

வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடக் கூடாது. ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். பாலை நன்றாகக் காய்ச்சியே குடிக்க வேண்டும். விட்டுவிட்டு வரும் காய்ச்சல், மூட்டு வலி, இரவு வியர்வை கண்டால், மாடு கன்று வீசியதையும் டாக்டரிடம் சொல்வது நல்லது. சொல்லாவிட்டால் மலேரியா, டைபாய்டு என்று வைத்தியம் திசைமாறக்கூடும்.

வருமுன் காக்க

4 முதல் 8 மாதம் வரையுள்ள கிடாரிக் கன்றுகளுக்கு ஒரே முறை தடுப்பூசி போட்டால் போதும். காளைக் கன்றுக்கும் சினை மாட்டுக்கும் போடலாகாது. 2019-இல் தொடங்கிய தேசிய கால்நடை நோய்த் தடுப்புத் திட்டத்தில் இந்த ஊசியும் சேர்ந்துள்ளது. ஊசி போட்ட தேதியைக் குறித்து வைத்தால், பின்னாளில் ரத்தச் சோதனை முடிவைக் கண்டு குழம்ப வேண்டியதில்லை.