கரையோரக் கத்தோலிக்கமும் மௌன செபமும்

கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்குக் கரையில் அமைந்த மீனவக் கிராமம் கண்டக்குழி. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்திற் கடல் கொந்தளிக்கும். தொழிலுக்குச் சென்றவரை எண்ணிக் கரையிலிருப்போர் அஞ்சுவர். இத்தகைய ஊர்களிற் செபமென்பது பெரும்பாலும் அச்சத்தோடு கூடிய காத்திருப்பே. அதே கரையில் தெற்கேயுள்ள தலவில புனித அன்னம்மாள் திருத்தலத்தில், மார்ச்சு, ஆகஸ்ட் பெருவிழாக்களின் ஆரவாரத்தினிடையே வாய்திறவாது முழந்தாளிட்டிருப்போரையுங் காணலாம். இம்மௌனம் உணர்ச்சியை என்ன செய்கிறது என்பதே நாம் ஈண்டு நோக்க விழைவது.

முற்போக்காளர் இதன்மேல் ஐயுறவு கொள்வதுண்டு. ஒடுக்கப்பட்டோரின் நியாயமான சினத்தைத் தணித்து வீட்டுக்கு அனுப்பும் மருந்தன்றோ இது? திருச்சபைக்குள்ளிருந்தே இவ்வினா எழுந்தது. 1971இல் கொழும்பிற் சமூக சமய ஆய்வு நிலையமொன்றை நிறுவிய திஸ்ஸ பாலசூரிய அடிகளார், சமூக நீதியினின்று பிரிந்த வழிபாட்டைக் கண்டித்தார். அவர் கண்டனம் புறந்தள்ளத்தக்கதன்று.

ஆயின் மரபை நுணுகி நோக்கின், அது உணர்ச்சியை மறைக்குமாறு கூறவில்லை. சங்கீதங்கள் பலவற்றில் ஓலமும் முறைப்பாடும் கடுஞ்சினமும் இறைவன் முன்னிலையிலேயே கொட்டப்படுகின்றன. 1705இல் இலங்கை வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமியாரின் வியாகுலப் பிரசங்கம், தவக்காலத்தில் தமிழ்க் கத்தோலிக்க ஆலயங்களில் ஒப்பாரியின் சாயலோடு வாசிக்கப்பட்டு வந்தது. துயரம் அங்கே ஊரறிய உரத்து அழப்படுகிறது. மௌனம் அதன் பின்னரே வருகிறது. இவ்வரிசை மனங்கொளத்தக்கது. இஞ்ஞாசியார் (1491–1556) வகுத்த ஆத்தும சோதனையும் இத்தன்மையதே. அன்றைய நாளை நன்றியோடு நினைவுகூர்ந்து, எழுந்த உணர்ச்சியை அதன் பெயராலேயே இனங்கண்டு, அது தன்னை எங்கே இழுத்துச் செல்கிறதென வினவுகிறார் செபிப்பவர். சினத்துக்கும் செயலுக்கும் இடையே சிறிது நேரம் கிடைக்கிறது. மௌன செபத்தின் பயன் பெரிதும் இவ்விடைவெளியிலேயே தங்கியுள்ளதென நாம் கருதுகிறோம்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, நீர்கொழும்புக் கட்டுவாப்பிட்டி உட்பட மூன்று ஆலயங்களிலும் கொழும்பு விடுதிகளிலும் நிகழ்ந்த குண்டுத் தாக்குதல்களில் 250க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பழிவாங்க வேண்டாமெனக் கொழும்புப் பேராயர் மல்கம் ரஞ்சித் ஆண்டகை மக்களை வேண்டினார். ஆயினும் மே மாதத்தில் முஸ்லிம்களுக்கெதிரான வன்முறை வெடித்தது. இதே புத்தளம் மாவட்டத்தின் கொட்டாரமுல்லையில் ஒருவர் கொல்லப்பட்டார். அந்த இடைவெளி இல்லாதொழியின் நேர்வது யாதென்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

மறுபுறம், செபித்தோர் யாவரும் கோபத்தைக் கைவிட்டாருமல்லர். குண்டு வெடித்த காலை 8.45 மணிக்கு நினைவுநாளில் மௌனம் அனுட்டித்த அதே சமூகம், பொறுப்புக்கூறலை விடாது கோரியது. பாதிக்கப்பட்டோர் தரப்பினரும் பிறரும் தொடுத்த அடிப்படை உரிமை வழக்குகளில், 2023 சனவரியில் உயர் நீதிமன்றம் முன்னாள் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது.