மணியின் சூட்சுமம் துளையில்

தருமபுரி, பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசும் குடும்பங்கள் நிறைய. அவற்றில் பலவற்றில் தாலி என்றால் கருகமணியும் சேர்ந்ததுதான். மிளகைவிடச் சின்னதாக, கன்னங்கரேலென்று சரமாகக் கோத்திருக்கும் அந்தக் கண்ணாடி மணியை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. பார்ப்பவர்களும் நிறத்தைப் பார்ப்பார்கள், பளபளப்பைப் பார்ப்பார்கள். தொல்லியல்காரர் கையில் கொடுத்தால் அவர் கண் முதலில் போவது ஓட்டைக்கு.

போகத்தான் வேண்டும். துளை இல்லாவிட்டால் அது வெறும் கல், வெறும் கண்ணாடித் துண்டு, கயிற்றில் ஏறாது. மணி செய்வதில் பெரும்பாடே துளை போடுவதுதான். எந்த ஊர்ப் பட்டறை, என்ன கருவி, எந்தக் காலம் என்பதற்கான தடயமெல்லாம் அந்த இண்டுக்குள் ஒளிந்திருக்கிறது.

நீங்களே பார்க்கலாம், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் போதும். கறுப்பில் ஒன்றும் தெரியாது. நீலமோ பச்சையோ, வெளிச்சம் ஊடுருவுகிற பாசிமணியாக எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே பொடிப்பொடியாகக் காற்றுக் குமிழ்கள் தெரியும். அவை துளையின் போக்கிலேயே நீண்டு கிடந்தால், கண்ணாடியைக் குழாயாக இழுத்து நறுக்கிய மணி. துளையைச் சுற்றிக்கொண்டு வளைந்து ஓடினால், உருகிய கண்ணாடியைக் கம்பியில் சுற்றிச் செய்த மணி.

இழுத்துச் செய்யும் வித்தையில் தென்னிந்தியாவை மிஞ்ச அந்தக் காலத்தில் ஆளில்லை. புதுச்சேரியை ஒட்டிய அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது ரோமானியப் பானை ஓடுகள்தான் பெரிய செய்தி ஆயின. பிற்பாடு பீட்டர் பிரான்சிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் அங்கே கிடைத்த பொடி மணிகளைப் பிடித்துக்கொண்டார். ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரை, இலங்கையின் மாந்தை, தாய்லாந்து, வியட்நாம் என்று அதே வகை மணி கிடைப்பதைக் கண்டு, ‘இந்தோ-பசிபிக் மணி’ என்று அவர் வைத்த பெயர் நிலைத்துவிட்டது. என்னைக் கேட்டால் ரோமானிய ஓடுகளைவிட இதுதான் பெரிய செய்தி. ஓடு நம்மிடம் வந்த சரக்கு. மணி நம்மிடமிருந்து போன சரக்கு.

ஆந்திரத்தில் காளத்திக்கு அருகே பாப்பாநாயுடுபேட்டையில் இந்த முறை நம் காலம் வரை பிழைத்திருப்பதை ஆய்வாளர்கள் நேரில் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். ‘லாடா’ எனப்படும் நீண்ட இரும்புக் குழாயின் நுனியில் உருகிய கண்ணாடியைக் கூம்பாகத் திரட்டுகிறார்கள். குழாய்க்குள் கம்பி விட்டுக் கூம்பின் நடுவே துளை எடுக்கிறார்கள். அதை உலைக்குள் நீட்டி உருட்டிக்கொண்டே இருக்க, எதிர்ப்பக்கம் இன்னொருவர் கொக்கியால் நுனியைப் பிடித்து இழுக்கிறார். கண்ணாடி இழையாக நீள நீள, நடுவில் இருக்கும் காற்றும் கூடவே நீள்கிறது. துளை தனியாகப் போட வேண்டியதே இல்லை. அப்புறம் துண்டு துண்டாக நறுக்கி, துளை மூடாமலிருக்கச் சாம்பலோடு பிசறி, சட்டியில் சூடாக்கிக் கிளறினால் வெட்டு முனை மழுங்கி உருண்டை ஆகிவிடும். ஒரே கூம்பில் ஆயிரக்கணக்கான மணி. கடல் கடந்து குவித்ததன் ரகசியம் இந்த மலிவுதான்.

நிறத்துக்கும் ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு. கண்ணாடியில் செம்பு கலந்து, காற்று தாராளமாகக் கிடைக்கிற உலையில் உருக்கினால் நீலப்பச்சை. அதே செம்பைக் காற்றை மட்டுப்படுத்தி உருக்கினால் செங்கல் சிவப்பு. உலைவாயை எப்போது அடைப்பது என்று தெரிந்தவரிடம் வேதியியலும் இருந்தது, பெயர்தான் இல்லை.

கல்மணிக்குத் துளை தானாக அமையும் சௌகரியம் கிடையாது. கொங்கு நாட்டில் ஈரோடு மாவட்டக் கொடுமணலில் தோண்டியபோது, ஒரே பழங்காலக் கல்லறைக்குள் 2,220 சூதுபவள மணிகள் கிடைத்தன. பக்கத்துப் படியூரில் கிடைக்கும் பெரில் கல்லையும் பளிங்கையும் அங்கேயே அறுத்துத் தேய்த்திருக்கிறார்கள். ஆனால் சூதுபவளம் உள்ளூர்க் கல் அல்ல. அதன் பேர்போன சுரங்கங்கள் குஜராத் பக்கம். மங்கிய கல்லைப் பக்குவமாகச் சுட்டால் உள்ளே இருக்கும் இரும்புச் சேர்மம் நீரை இழந்து ஹேமடைட் ஆகிறது, கல்லுக்குச் செக்கச் சிவப்பு ஏறுகிறது. கடினம் மோஸ் அளவுகோலில் 7 வரும். சாதாரண எஃகுக் கத்தியால் கீறல்கூட விழாது. துளைப்பது எப்படி?

விடை தேட, ஆய்வாளர்கள் துளைக்குள் சிலிக்கோன் பசையை ஊற்றி, இறுகியதும் உருவி, அந்த அச்சை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். மணலையோ கொரண்டப் பொடியையோ போட்டுத் தேய்த்த துளை வாய் அகன்று உள்ளே குறுகும். வைர முனைத் துளையோ நேராக, ஒரே அகலத்தில், வரிவரியான சுற்றுக்கோடுகளோடு இருக்கும். தமிழகத்துப் பழைய கல்மணிகள் பலவற்றில் இந்த இரண்டாவது வகைதான். குஜராத்தின் காம்பத்தில் வில்லைக் கட்டி இழுத்துச் சுழற்றும் துரப்பணத்தின் நுனியில் இரண்டு வைரச் சில்லுகளைப் பதித்து இன்றும் இப்படித்தான் துளைக்கிறார்கள். இரு பக்கமிருந்தும் துளைத்து வந்து நடுவில் சந்திப்பார்கள். கொஞ்சம் தப்பினாலும் சந்திக்கும் இடத்தில் ஒரு சின்னப் படி விழும். அந்தப் படியும் அச்சில் தெரியும்.

இனி தருமபுரிக்கே திரும்புவோம். கொடுமணல், பொருந்தல் அகழாய்வுகளோடு பெயர் சேர்ந்த தொல்லியலாளர் கா. ராஜன், 1991-லேயே தருமபுரி மாவட்டத் தொல்லியலைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதியவர். அன்றைய மாவட்டம் கிருஷ்ணகிரியையும் உள்ளடக்கியது, 2004-இல்தான் பிரிந்தது. கல்வட்டம், கல்திட்டை போன்ற பழங்காலக் கல்லறைகள் இங்கே சாதாரணம். பென்னாகரம் வட்டாரத்துப் பூதிநத்தம் 2023-இல் மாநிலத் தொல்லியல் துறையின் அகழாய்வுப் பட்டியலில் ஏறியது. இந்தப் பக்கத்துப் பெருவழியும் பழையதுதான்: ‘அதியமான் பெருவழி’ என்று பெயர் பொறித்து, நாவல்தாவளத்துக்கு 29 காதம் என்று தூரம் சொல்லும் இடைக்காலக் கல் இந்தப் பக்கம் கிடைத்தது. எழுத்துத் தெரியாதவருக்காக எண்ணைக் குழிகளாகவும் வெட்டியிருக்கிறார்கள்.

மணி ஆசைக்கு வயது இந்தக் கல்லறைகளையும் பெருவழியையும்விடப் பல மடங்கு. இலங்கையின் பாகியன்கல குகையில் சுமார் 48,000 ஆண்டுக்கு முந்தைய சிப்பி மணிகளும், மொராக்கோவின் பிஸ்மூன் குகையில் 1,42,000 ஆண்டுக்கும் முந்தைய துளையிட்ட நத்தை ஓடுகளும் கிடைத்திருக்கின்றன. மாட்டித் திரிந்தார்கள் என்பதற்குச் சாட்சி, ஓட்டையின் விளிம்பில் இருக்கும் தேய்மானம். அங்கேயும் ஓட்டைதான் பேசுகிறது.

மழைக்குப் பின் கொல்லையில் உழும்போது சிவப்பு மணி ஒன்று மேலே வந்தால் பிள்ளைகள் எடுத்து நூலில் கோத்துவிடுவார்கள். புதிய நூல் பழைய விளிம்பைத் தேய்க்கும். எந்தக் குழியில், எந்தப் பானையோடு கிடந்தது என்பதும் போய்விடும். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைத்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். பாசிமணி ஒன்று பத்து ரூபாய் பெறுமா என்று சட்டத்தோடு மல்லுக்கு நிற்காமல், கிராம நிர்வாக அலுவலரிடம் இடத்தைக் காட்டிச் சொல்லிவிடுவதே நல்லது.